தோட்டத்துப் பிள்ளைக்குப் பௌதிகவியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு



பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு இறங்கும் சந்திக்குப் பெயர் கலஹா சந்தி. அந்த வளாகத்தின் ஊடாக ஓடும் பாதைக்குப் பெயர் கலஹா வீதி. நம் ஊரின் பெயரை வாசலிலேயே வைத்திருக்கும் பல்கலைக்கழகம் அது. மருந்தெடுக்கக் கண்டிக்குப் போனாலும், தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனாலும், பஸ் ஜன்னல் வழியாக அந்தக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டுதான் போகிறோம். 1952 முதல் அது அங்கே நிற்கிறது. அந்தச் சந்தியில் இறங்கிப் பௌதிகவியல் படிக்கப் போன பிள்ளைகள் உங்கள் டிவிசனில் எத்தனை பேர்? இன்றைக்கே லயத்தில் கேட்டுப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

அணுக்கரு இணைவு ஆராய்ச்சிக்காக உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்கள் மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கின்றன. சில மாதங்கள் அங்கே தங்கி, விஞ்ஞானிகளோடு நின்று வேலை பழகும் வாய்ப்பு அது. நம் பிள்ளைகளுக்கும் அந்த வழி வேண்டும் என்று நாங்கள் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். “லயத்துக் கூரை ஒழுகுது, இதுங்களுக்குச் சூரியனைச் செய்யப் போகணுமாம்” என்கிறார்கள். சிரிப்பவர்களில் துரைமார் மட்டும் இல்லை. படித்தவர்களும் இருக்கிறார்கள், நமக்காகப் பேசுகிறோம் என்று மேடை ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கே இந்தப் பதில்.

முதலில், அது என்ன வேலை?

அணுவைப் பிளந்து சக்தி எடுப்பது ஒரு வழி. கூடங்குளத்தில் நடப்பது அதுதான். இணைவு என்பது அதற்கு நேர் எதிர். ஐதரசனின் இரண்டு வகைகளான டியூட்டீரியத்தையும் திரித்தியத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் ஹீலியம் பிறக்கும், கூடவே பெரும் சக்தியும் வெளிப்படும். சூரியன் எரிவதும் இணைவினால்தான். பூமியில் அதைச் செய்ய 15 கோடி பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். சூரியனின் நடுப்பகுதியில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு. அந்தச் சூட்டைத் தாங்கும் பாத்திரம் உலகில் கிடையாது. அதனால் வளையம் போன்ற ஓர் இயந்திரத்துக்குள், சுவரில் படாமல், காந்த சக்தியால் பிடித்து வைக்கிறார்கள். அந்த இயந்திரத்துக்கு டோக்கமாக் என்று பெயர்.

இங்கிலாந்தில் இருந்த ஜெட் என்ற டோக்கமாக் 2023இல் தன் கடைசிப் பரிசோதனைகளில் 0.2 மில்லிகிராம் எரிபொருளைக் கொண்டு 69 மெகாஜூல் சக்தியை வெளிப்படுத்தியது. ஓர் அரிசி மணியின் எடையில் நூறில் ஒரு பங்கு எரிபொருள். கிடைத்தது, நம் மின்சார பில்லின் கணக்கில் சொன்னால், 19 யூனிட்டுக்குச் சமமான வெப்பம். கொடுத்த சக்தியை விடக் கூடுதலாக எடுக்க அந்த இயந்திரத்தால் முடியவில்லை. அதைச் செய்து காட்டத்தான் பிரான்சின் தெற்கே கடராஷ் என்ற இடத்தில் ஈட்டர் என்ற பிரமாண்டமான டோக்கமாக்கைக் கட்டுகிறார்கள். 2006இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஐரோப்பிய ஒன்றியம், சீனா, இந்தியா, ஜப்பான், தென்கொரியா, ரஷ்யா, அமெரிக்கா ஆகியவை அதன் உறுப்பினர்கள். இப்போதைய திட்டப்படி முழு எரிபொருளோடு அது இயங்குவது 2039இல். ஆகவே நாளைக்கே நம் லயத்துக்கு இணைவு மின்சாரம் வரும் என்று நாங்கள் யாருக்கும் ஆசை காட்டவில்லை. 2039இல் அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கப்போகிறவர்கள் இன்று பாடசாலையில் இருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறோம். அவர்களில் ஒருத்தி கலஹாவிலிருந்து ஏன் போகக் கூடாது?

கடவுச்சீட்டின் நிறம்

ஈட்டரில் மாணவர் பயிற்சி உறுப்பு நாடுகளின் பிரஜைகளுக்கு உரியது. இலங்கை உறுப்பு நாடு இல்லை. அமெரிக்க அரசின் ஆய்வுகூடங்களில் இளமாணி மாணவர்களுக்கு நடக்கும் பயிற்சித் திட்டமும் அமெரிக்கப் பிரஜைகளுக்கும் அங்கே நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்குமே. பிரின்ஸ்டனில் உள்ள பிளாஸ்மா ஆய்வுகூடமும் அந்தத் திட்டத்தில் அடக்கம். இந்த விதிகள் நமக்கு எதிராக மட்டும் எழுதப்பட்டவை அல்ல. கொழும்பில் பெரிய வீட்டில் பிறந்த பிள்ளைக்கும் இதே விதிதான்.

ஆனால் பிரஜாவுரிமை என்ற சொல்லைக் கேட்டால் மற்றவர்களுக்கு வலிக்காத இடத்தில் நமக்கு வலிக்கும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். ஒரே லயத்தில் பிறந்த அக்கா நீலகிரிக்குப் போனார், தங்கை கலஹாவில் நின்றார். இன்று அந்த அக்காவின் பேத்தி கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருந்து பௌதிகவியல் படித்தால் அவள் கையில் இந்தியக் கடவுச்சீட்டு. ஈட்டருக்கு விண்ணப்பிக்கலாம். தங்கையின் பேத்திக்கு அந்தப் படிவமே செல்லாது. இருவருடைய மூளையிலும் வித்தியாசம் இல்லை. 1964இல் ஒரு மேசையில் வைத்துப் போட்ட கையெழுத்துதான் வித்தியாசம். நீலகிரிக்குப் போன நம் உறவுகள் அங்கே சொகுசாக வாழவில்லை என்பதும் நமக்குத் தெரியும். அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் அவர்களும் நம்மைப் போலவே கொழுந்துதான் பறித்தார்கள்.

அதே 1964 ஒக்டோபரில் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் இன்னொரு காரியம் நடந்தது. பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துஸ் சலாம், வறிய நாடுகளின் விஞ்ஞானிகளுக்காகச் சர்வதேச கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையத்தைத் தொடங்கினார். அந்த மாதம் அங்கே நடந்த முதல் கருத்தரங்கே பிளாஸ்மா பௌதிகவியல் பற்றியது. அதாவது இந்த இணைவு ஆராய்ச்சியின் அடிப்படை. நம்மைக் கணக்குப் போட்டுப் பிரித்த மாதத்தில், நம்மைப் போன்ற நாடுகளின் பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறந்தது. அந்தக் கதவு இன்றும் திறந்தே இருக்கிறது. வளரும் நாடுகளின் பட்டதாரிகளுக்கு அங்கே ஒரு வருட டிப்ளோமா, முழுச் செலவோடு. இணைவு பற்றிய பயிற்சிப் பள்ளிகளும் சர்வதேச அணுசக்தி முகவரகத்தோடு சேர்ந்து அங்கே நடக்கின்றன.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கதவு. சர்வதேச அணுசக்தி முகவரகம் 2020இல் மேரி கியூரியின் பெயரில் ஒரு புலமைப்பரிசில் திட்டத்தைத் தொடங்கியது. அணுத்துறையில் முதுமாணி படிக்கும் பெண்களுக்கு வருடத்துக்குக் கட்டணமாக 10,000 யூரோ வரை, வாழ்க்கைச் செலவுக்கு 10,000 யூரோ வரை, இரண்டு வருடங்களுக்கு. அதோடு 12 மாதங்கள் வரை பயிற்சிக்கும் ஏற்பாடு. இலங்கை 1957 முதல் அந்த முகவரகத்தின் உறுப்பினர். நம் கையில் இருக்கும் கடவுச்சீட்டு அங்கே செல்லும்.

ஆகவே எல்லாக் கதவும் பிரான்சில் மூடியிருக்கிறது என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். நம் பிள்ளைக்குக் கதவு மூடப்படும் இடம் கலஹாவுக்கும் கலஹா சந்திக்கும் நடுவில்தான் இருக்கிறது.

கலஹாவிலிருந்து கலஹா சந்திக்கு

இணைவு ஆராய்ச்சிக்குப் போக வேண்டுமானால் பௌதிகவியலிலோ பொறியியலிலோ பட்டம் வேண்டும். அதற்கு உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும். தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளில் இந்த மூன்றையும் தமிழில் முழுமையாகக் கற்பிக்க ஆசிரியர் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை நாம் யாரும் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ‘ஏ’ எடுத்த பிள்ளையைக் கூட “நம்ம ஸ்கூல்ல ஆர்ட்ஸ் தான் இருக்கு” என்று சொல்லிக் கலைப்பிரிவில் உட்கார வைக்கிறோம். முடியாவிட்டால் கண்டியிலோ அட்டனிலோ தங்கிப் படிக்க அனுப்ப வேண்டும். தங்குமிடச் செலவைக் கேட்டவுடன் அப்பா பேசாமல் எழுந்து போய்விடுவார்.

இது இன்று நேற்று வந்த குறை அல்ல. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் நம் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நட்டார். இலங்கையின் தேயிலைத் தொழில் பிறந்தது நம் மலையில்தான். அதன்பின் நூறு வருடங்களுக்கு மேல் தோட்டப் பள்ளிக்கூடம் என்பது நிர்வாகத்தின் தயவில் நடந்தது. ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், பெயர் எழுதப் படித்தால் போதும். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. தோட்டங்கள் அரசுடைமையான 1970களில்தான் நம் பள்ளிக்கூடங்களும் படிப்படியாக அரசின் கைக்குப் போகத் தொடங்கின. முப்பது வருடம் பிந்தி ஓடத் தொடங்கிய பிள்ளையைப் பார்த்து ‘நீ ஏன் பின்னால் வருகிறாய்’ என்று கேட்பது எந்த நியாயம்?

இனி வெட்டுப்புள்ளியைப் பார்ப்போம். பல்கலைக்கழக அனுமதியில் விஞ்ஞான, கணிதப் பிரிவு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்த 16இல் இருக்கிறது. பதுளை இருக்கிறது. கண்டி இல்லை. காரணம், கண்டியில் நாட்டின் மிகப் பெரிய பாடசாலைகள் இருக்கின்றன. அந்தப் பாடசாலைகளின் ஆய்வுகூடத்துக்கும் ரியூசன் வகுப்புக்கும் எதிரே நின்று போட்டி போடுகிறவள் கலஹாவில் மண்ணெண்ணெய் விளக்கையும் பார்த்த வீட்டுப் பிள்ளை. மலைக்கு அந்தப் பக்கம் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டத்தில் அதே லயம், அதே சம்பளம், அதே பள்ளிக்கூடம். அங்கே பின்தங்கிய மாவட்டம் என்கிறார்கள், இங்கே முன்னேறிய மாவட்டம் என்கிறார்கள். நுவரெலியாப் பிள்ளையின் சலுகையைக் குறைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. அவர்களுக்குக் கிடைப்பது போதாது என்பதே எங்கள் எண்ணம். கண்டி நகரத்தின் செழிப்பைக் காட்டிக் கலஹாவின் வறுமையை மறைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

இதையெல்லாம் தாண்டி ஒரு பிள்ளை உள்ளே போனாலும், தமிழில் உயர்தரம் படித்தவளுக்கு அங்கே விரிவுரை ஆங்கிலத்தில். முதல் வருடமே பாதித் தெம்பு போய்விடும்.

செலவுக் கணக்கு

வெளிநாட்டுப் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் நம் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று நிர்ணயமானது. சாதாரண சேவையில் கடவுச்சீட்டுக்கு 10,000 ரூபாய். அந்தக் கணக்கில் ஒரு தாய் எட்டு நாள் முழுப்பேர் போட வேண்டும். ஐரோப்பாவுக்கான குறுகியகால விசாக் கட்டணம் 90 யூரோ. அதற்கு இருபது நாளுக்கு மேல். விமானச் சீட்டைக் கணக்குப் பார்க்கவே வேண்டாம். இதற்கு மேல், வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது என்று காட்டச் சொல்வார்கள். மாதக் கடைசியில் கடைக்காரரின் கொப்பியைத்தான் நம்மால் காட்ட முடியும்.

கடிதம் வருவதும் ஒரு பாடு. பல தோட்டங்களில் இன்றும் நம் வீட்டுக்குத் தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்டத்து ஒபீசுக்கு வந்து, அங்கே கிடந்து, யார் கையிலோ மாறி வீட்டுக்கு வரும்போது நேர்முகத் தேர்வுத் திகதி முடிந்துவிடும். விலாசம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு உலகம் எப்படிக் கடிதம் எழுதும்?

கேட்கிறார்கள், பதில் சொல்கிறோம்

“முதலில் சம்பளத்தைக் கேளுங்கள், ஆய்வுகூடம் பிறகு பார்க்கலாம்” என்கிறார்கள். சம்பளத்தை நாங்கள் ஒரு நாளும் கேட்காமல் விட்டதில்லை, விடவும் மாட்டோம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு வேறு வழி இல்லாமல் இருப்பதால்தான் கம்பெனிகளால் நம் சம்பளத்தை அமுக்கி வைக்க முடிகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு பௌதிகவியல் ஆசிரியர் வந்து உட்கார்ந்தால் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையிலும் நம் கை பலக்கும். இது இரண்டும் ஒரே போராட்டம்.

“இலங்கையிலே டோக்கமாக்கே இல்லை, படித்து எங்கே வேலை செய்வது” என்கிறார்கள். தாய்லாந்தும் ஈட்டரின் உறுப்பு நாடு அல்ல. சீனாவிடமிருந்து பழைய டோக்கமாக் ஒன்றைப் பெற்று, தம் இளைஞர்களைப் பழக்கி, 2023இல் தம் நாட்டிலேயே இயக்கத் தொடங்கினார்கள். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஈட்டர் இயந்திரத்தைச் சுற்றி நிற்கும் 3,850 தொன் எடையுள்ள உருக்குக் கூட்டைச் செய்தது இந்தியா. குஜராத்தின் ஹசிராவில் பகுதி பகுதியாகச் செய்து கப்பலில் அனுப்பினார்கள். அதை ஒட்டியவர்கள் வெல்டிங் தொழிலாளர்கள். இணைவு என்பது வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களின் வேலை மட்டும் அல்ல. கிரேன் ஓட்டுகிறவரும், குழாய் பொருத்துகிறவரும், மின்சுற்றுப் பார்க்கிறவரும் இல்லாமல் அந்தச் சூரியன் எரியாது. தேயிலைத் தொழிற்சாலையில் ரோலரையும் டிரையரையும் ஓட வைக்கிற கைகளுக்கு இயந்திரம் புதிதா?

“போன பிள்ளை திரும்பி வராது” என்கிறார்கள். நம் பெண்கள் வீட்டு வேலைக்காகச் சவூதிக்கும் குவைத்துக்கும் போகும்போது இந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா? ஏஜென்சிக்காரன் வாசலில் வந்து நின்றபோது யாரும் தடுக்கவில்லை. கடையில் நிற்கவும் வீட்டு வேலைக்கும் பதினாறு வயதில் கொழும்புக்கு அனுப்பும்போது யாரும் மறிக்கவில்லை. அடுப்படிக்குப் போனால் சரி, ஆய்வுகூடத்துக்குப் போனால் மட்டும் நாட்டுப்பற்று ஞாபகத்துக்கு வருகிறதா?

கடைசியாக, மாலை போடுகிறவர்களுக்கும் ஒரு சொல். எங்கோ ஒரு தோட்டத்துப் பிள்ளை தட்டுத்தடுமாறி மேலே வந்துவிட்டால் மறுநாளே பேனர் கட்டுகிறீர்கள். அதில் பிள்ளையின் படம் சிறிது, உங்கள் படம் பெரிது. அந்தப் பிள்ளை படிக்கும்போது ஆசிரியர் இல்லாத வகுப்பறையின் வாசலுக்கு நீங்கள் வரவில்லை. இனி மாலையோடு வந்தால் ஒரு கேள்வி கேட்போம்: அடுத்த பிள்ளைக்கு என்ன செய்தீர்கள்?

நாம் கேட்பது

1. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் தினமும் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில், இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் தமிழில் முழுமையாக நடக்கும் ஒரு பாடசாலை. நிரந்தர ஆசிரியர்களோடும், பூட்டிக் கிடக்காத ஆய்வுகூடத்தோடும், தூரத்துப் பிள்ளைகளுக்கு விடுதியோடும்.

2. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பின்தங்கிய நிலையை மாவட்டத்தை வைத்து மட்டும் அளக்கக் கூடாது. கண்டி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளையும் அந்த 5 வீதத்துக்குள் கொண்டு வர வேண்டும். அதற்காக அந்த வீதத்தையும் கூட்ட வேண்டும்.

3. இந்திய அரசின் நிதியில் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உதவ இந்தியத் தூதரகத்தின் கீழ் ஒரு கல்வி அறக்கட்டளை 1940களிலிருந்து இயங்குகிறது. 2023 ஜூலையில் இந்தியப் பிரதமர் நம் மக்களுக்கு 75 கோடி இந்திய ரூபாய் அறிவித்தார். அந்த உதவிகளில் வெளிநாட்டு விஞ்ஞானப் பயிற்சிக்கான பயணச் செலவும் சேர வேண்டும். குஜராத்தின் காந்திநகர் அருகே பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1989 முதல் ஆதித்யா என்ற டோக்கமாக்கை இயக்கிய நிறுவனம் அது. ஒவ்வொரு வருடமும் மலையகத்து மாணவர் சிலருக்கு அங்கே பயிற்சி இடம் ஒதுக்க வேண்டும். 1964இல் நம்மைப் பிரித்ததில் ஒரு கை டில்லியுடையது. இந்தச் சின்னக் கடனையாவது அது தீர்க்கட்டும்.

4. ஒவ்வொரு தோட்ட வீட்டுக்கும் தனித் தபால் விலாசம்.

5. பேராதனையின் விஞ்ஞான, பொறியியல் ஆய்வுகூடங்கள் வருடத்தில் ஒரு நாளாவது கலஹா வீதியின் மேல்கோடியில் இருக்கும் பிள்ளைகளுக்குத் திறக்க வேண்டும். எட்டாம் வகுப்பிலேயே ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்த பிள்ளைக்கு அந்த வாசல் பயம் காட்டாது.

இந்த ஐந்தும் பிச்சை அல்ல. 1867 முதல் இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணியைக் கூடை கூடையாகச் சுமந்து கொடுத்தவர்கள் கேட்கும் வட்டி.

தாய்மாரே, சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லித் தரகர் வாசலுக்கு வருவார். அவருக்குப் பதில் சொல்லும் முன் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் வாருங்கள். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு டிவிசனிலும் கமிட்டி எழுதி வைக்கட்டும். அந்தப் பட்டியலோடும், அந்தப் பிள்ளைகளோடும், அவர்களின் தாய் தகப்பனோடும் கல்விப் பணிமனை வாசலில் போய் உட்காருவோம். சம்பளத்துக்காக மலையை நிறுத்திப் பழகியவர்கள் நாம். ஒரு பௌதிகவியல் ஆசிரியருக்காகவும் நிறுத்துவோம்.